உங்களுக்குத் தெரியுமா? கட்டியை ஒடுக்கிய ஜோடிப் புரதங்கள்

நோய் எதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பச் சுரப்பவை சைட்டோகைன் புரதங்கள். இன்டர்லூகின்-12, இன்டர்லூகின்-18 இரண்டும் இந்த வகையே.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவ்விரண்டையும் மார்பகக் கட்டியுள்ள சுண்டெலிகளில் சோதித்து, 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். தனித்தனியாகச் செயல்பட்டதைவிட, சேர்ந்து இயங்கியபோது கட்டிகள் நன்றாகச் சுருங்கின. கட்டிக்கு உணவூட்டும் புது ரத்தக் குழாய்கள் முளைப்பதும் தடைபட்டது!

எப்படி? ஒரு புரதம் மற்றதை வாங்கும் ஏற்பிகளைச் செல்களின் மேல் பெருக்குகிறது. உடனே, கட்டியை எதிர்க்கும் இன்டர்ஃபெரான்-காமா என்ற மற்றொரு சைட்டோகைன் ஏராளமாகச் சுரக்கிறது.

இதே வீரியம் ஆபத்தாகவும் முடியலாம். 1995-இல் இன்டர்லூகின்-12 ஊசி போட்டுக்கொண்ட 17 சிறுநீரகப் புற்றுநோயாளிகளில் இருவர் இறந்தனர். அதனால்தான் ரத்தத்தில் செலுத்தாமல், நேரடியாகக் கட்டிக்குள்ளேயே மருந்தைச் சேர்க்கும் வழிகள் சோதிக்கப்படுகின்றன.