மகிழுந்துத் துடைப்புத் துண்டு

மகிழுந்துத் துடைப்புத் துண்டு என்பது மகிழுந்தின் வண்ணப்பூச்சு, கண்ணாடி, சக்கரம் ஆகியவற்றை உலர்த்தவும் மெருகேற்றவும் பயன்படும் துணியாகும். இன்று இதற்குப் பெரும்பாலும் மைக்ரோஃபைபர் எனப்படும் நுண்ணிழைத் துணி பயன்படுகிறது.

கீறல் ஏற்படும் விதம்

மகிழுந்தின் வண்ணத்தின் மேல் ஒளிபுகும் காப்புப் பூச்சு ஒன்று உள்ளது. அதன் தடிமன் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரோமீட்டர் ஆகும். கீறலை நீக்க மெருகேற்றும்போதெல்லாம் இப்பூச்சு சிறிது தேய்கிறது, தேய்ந்தது மீள்வதில்லை. கீறலுக்குப் பெரும்பாலும் காரணமாவது துணியில் சிக்கிய மணலே. மணலிலுள்ள குவார்ட்சின் கடினத்தன்மை மோவின் அளவுகோலில் 7 ஆகும்.

தூத்துக்குடி மாவட்டத்தின் விளாத்திகுளம் வட்டத்தில் கரிசல் புழுதி, வைப்பாற்று மணல், வேம்பார் கடற்கரையின் உப்புக்காற்று ஆகிய மூன்றும் வாகனங்களின் மீது படிகின்றன. உப்பு நீரில் கரையும்; மணல் கரையாது. எனவே உலர்ந்த துணியால் புழுதியைத் துடைக்காமல், முதலில் நிறைய நீர் ஊற்றி மணலை அகற்ற வேண்டும்.

தேர்ந்தெடுத்தல்

நுண்ணிழை என்பது 1 டெனியருக்கும் குறைவான இழையாகும். அதாவது 9000 மீட்டர் நீள இழையின் எடை 1 கிராமுக்கும் குறைவு. துடைப்புத் துண்டுகளில் பாலியெசுட்டரும் நைலான் வகை பாலியமைடும் பெரும்பாலும் 80:20 அல்லது 70:30 என்னும் விகிதத்தில் இருக்கும். பிளவுபட்ட இழைகளின் இடுக்குகள் நீரையும் தூசியையும் ஈர்த்துக்கொள்கின்றன.

துணியின் அடர்த்தி சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என அளக்கப்படுகிறது.

* உலர்த்துவதற்கு: 500 கிராமும் அதற்கு மேலும்
* மெழுகைத் துடைப்பதற்கு: 300 முதல் 400 கிராம்
* கண்ணாடிக்கு: குட்டையான இழைகளுடைய மெல்லிய துணி

விளிம்புத் தையல் மென்மையாக இருத்தல் நலம். அடையாளச் சீட்டைப் பயன்படுத்தும் முன் அகற்றிவிட வேண்டும்.

பராமரிப்பு

* துண்டை நான்காக மடித்தால் எட்டு முகங்கள் கிடைக்கும். ஒரு முகம் அழுக்கானதும் அடுத்ததற்கு மாற்றலாம்.
* சக்கரத்தைத் துடைத்த துண்டில் பிரேக்கின் இரும்புத் துகள்கள் தங்கும். அதனை வண்ணப்பூச்சின் மீது பயன்படுத்தக் கூடாது.
* தரையில் விழுந்த துண்டைத் துவைத்த பின்னரே மீண்டும் பயன்படுத்த வேண்டும்.
* பருத்தித் துணிகளுடன் சேர்த்துத் துவைத்தால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும்; தனியே துவைக்க வேண்டும்.
* கடின நீரில் சோப்புக்கட்டி கரையாத படிவை உண்டாக்கும். திரவச் சலவைப்பொருளே ஏற்றது.
* துணி மென்மையாக்கி இழைகளின் மேல் படிந்து உறிஞ்சும் திறனைக் குறைக்கும். குளோரின் வெளுப்பான் பாலியமைடைச் சிதைக்கும். மிகுந்த வெப்பம் இழைகளை விறைப்பாக்கும்.
* புழுதி படாத நிழலில் உலர்த்தி, மூடிய பெட்டியில் வைக்க வேண்டும்.

துவைத்த பின்னும் சொரசொரப்பாக உள்ள துண்டைச் சக்கரத்திற்கோ இயந்திரப் பகுதிக்கோ ஒதுக்கிவிடலாம்.