பளிங்கு மட்டும் ஏன் சில்லிடுகிறது?

ஹைதராபாத்தின் நௌபத் பஹாட் குன்றில், 1976இல் திறக்கப்பட்ட பிர்லா மந்திர் முழுக்க வெண்பளிங்கு. மார்கழிக் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு முதல் படியில் கால் வைத்ததும் உள்ளங்கால் சில்லிட்டுக் கூசும். விரல்கள் தாமாகவே மடங்கும். பக்கத்தில் ஒரு மரப்பலகை கிடந்தால், அது இதமாக இருக்கும்.

இரண்டின் வெப்பநிலையும் ஒன்றேதான்!

தோலிலுள்ள நரம்பு முனைகள் கல்லின் சூட்டை அளப்பதில்லை, தோலின் சூட்டைத்தான் உணர்கின்றன. மரத்தைவிடப் பளிங்கு 15 மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பம் கடத்தும். பாதம் தரும் சூட்டை உடனே உள்ளே இழுத்துக்கொள்ளும். பாதம் 32 டிகிரி, தரை 18 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கால் பட்ட கணத்தில் தொடும் இடம் பளிங்கில் ஏறக்குறைய 23 டிகிரிக்கு இறங்கிவிடும். மரத்தில் 28க்குக் கீழே போகாது. மரத்தின் மேற்பரப்பு சட்டென்று சூடேறிப் பாதத்தோடு ஒத்துப்போய்விடுகிறது.

சித்திரை வெயிலில் கதை தலைகீழ். தரை உடலைவிடச் சூடானதும், கல் அதே வேகத்தில் வெப்பத்தைப் பாதத்துக்குள் கொட்டுகிறது. வெள்ளை நிறம் வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்புவதால் பளிங்கில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம். கருங்கல் முற்றத்திலோ நடையே ஓட்டமாகிவிடும். தேங்காய்நார் விரிப்பு கைகொடுப்பது அங்கேதான்: நார்களுக்கிடையே சிக்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது.