உழவு இயந்திரம் இடைநடுவில் நிற்பதேன்? மின்வழுக்களை ஆராயும் முறை

உழவு இயந்திரம் வயலின் நடுவே நின்றுவிடின், ஐயுற்ற உறுப்பைக் கழற்றிப் புதியதொன்றைப் பூட்டிப் பார்ப்பதே பலரது வழக்கமாயுள்ளது. நோயின் காரணத்தை அறியாது மருந்து கொடுப்பதை இஃது ஒக்கும். பணம் வீணாவதோடு, நிலம் பதமாயிருக்கும் நாளும் கழிந்துவிடுகின்றது. பௌதிகவியலிற் கற்கும் மின்சுற்று அறிவைக்கொண்டு வழுவிருக்கும் இடத்தைப் படிப்படியாக ஒடுக்கிக் காணலாம் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்காட்டாக, 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவன்றி நகரில் ஐந்து இலட்சத்துக்கு மேலாக உற்பத்தி செய்யப்பெற்ற பேர்குசன் ரி.ஈ. 20 வரிசையின் பெற்றோல் வகையை நோக்குவோம். மின்கலவடுக்கிலிருந்து புறப்படும் ஓட்டம் ஆளியைக் கடந்து, கொயில் என வழங்கும் தூண்டற் சுருளின் முதற்சுருளிற் பாய்ந்து, பொயின்ற் எனப்படும் தொடுமுனைகளின் வழியாக எஞ்சினின் உடலை அடைந்து மீளும். தொடுமுனைகள் பிரியுங் கணத்தில் அவ்வோட்டம் அறும். அப்போது, மைக்கல் பரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலினால், துணைச்சுருளிற் பல்லாயிரம் உவோற்று அழுத்தம் எழும். டிஸ்றிபியூற்றர் என்னும் கருவி அதனை நான்கு செருகிகளுக்கும் முறையே பங்கிடும். எஞ்சின் நிமிடத்துக்கு 1500 முறை சுழலுமாயின் 3000 பொறிகள் வேண்டும். அஃதாவது செக்கனுக்கு 50. ஆதலின், ஒரு கம்பியின் முனை கணப்பொழுது தளரினும் எஞ்சின் அதனை உணரும்.

முதலில் நோக்கற்பாலது எஞ்சின் நின்ற விதமாகும். திறப்பைத் திருப்பி நிறுத்தியதுபோலத் திடீரென ஓய்ந்ததாயின் மின்வழுவென ஐயுறலாம். திணறியும் இருமியும் மெல்ல ஓய்ந்ததாயின் எரிபொருட் குறையென ஐயுறலாம். வரம்பிற் குலுங்கும்போது மாத்திரம் தடுமாறுமாயின், தளர்ந்த முனையையோ தேய்ந்த ஆளியையோ நாடவேண்டும். விளக்குப் பூட்டிய இயந்திரமாயின், பகலிலும் அதனை ஏற்றிவைத்து உழுதல் நன்று. எஞ்சினோடு விளக்கும் அணையின், வழு இரண்டிற்கும் பொதுவான பாதையில் உளது. விளக்கு எரிய எஞ்சின் மாத்திரம் நிற்பின், விளக்குக் கம்பி பிரியும் இடத்துக்கு அப்பால் உளது.

அரைமணி நேரம் நன்றாக உழுது, சூடேறியதும் நின்று, ஆறியபின் மீண்டும் இயங்குவதே மிகவும் மயக்கந் தரும் வழுவாகும். கொயிலின் காவலி வெப்பத்தால் தளரினும், ஒடுக்கியின் காவலி பழுதடையினும் இவ்வாறு நிகழும். ஆயின், எரிபொருட்டாங்கி மூடியின் காற்றுத் துவாரம் அடைபடினும் இதுவே நிகழும்! ஆறவிட்டபின் சோதித்தால் இரண்டும் குற்றமற்றனவாகவே தோன்றும். ஆகவே, நின்றவுடனேயே மூடியைத் தளர்த்திப் பார்த்தலும், பெற்றோல் ஆவியில்லா இடத்திற் செருகியொன்றை எஞ்சின் உடலிற் பொருந்த வைத்துப் பொறி பாய்கின்றதா எனக் காண்டலும் வேண்டும். செருகியைக் காவலியுள்ள பிடியாற் பற்றுக.

பொறி இல்லையெனின், சிறு மின்குமிழொன்றும் இரு கம்பிகளும் போதும். ஒரு கம்பியை எஞ்சின் உடலிற் பொருத்தி, ஆளியைத் திறந்து, மற்றதைக் கொயிலின் ஆளிப்பக்க முனையிற் றொடுக. குமிழ் எரியாவிடின் வழு மின்கலவடுக்குக்கும் கொயிலுக்கும் இடையிலுள்ளது. எரியின், அடுத்த முனையைத் தொட்டுக்கொண்டு எஞ்சினைச் சுழற்றுக. தொடுமுனைகள் பிரியும்போது குமிழ் எரிந்து, சேரும்போது அணைதல் வேண்டும். ஒருபோதும் எரியாவிடின் டிஸ்றிபியூற்றர்க் கம்பியைக் கழற்றுக. இப்போது எரியின் டிஸ்றிபியூற்றரினுள் ஓட்டம் உடலுக்குக் கசிகின்றது. எரியாவிடின் முதற்சுருள் அறுந்துள்ளது. முறையாக எரிந்தணைந்தும் பொறி இல்லையேல், துணைச்சுருள், றோட்டர், மூடி, ஒடுக்கி என்பன ஆராயத்தக்கன.

டீசல் எஞ்சினுக்குப் பொறி வேண்டுவதில்லை. பொறிமுறைப் பம்பியுடைய பழைய வகைகள், இயங்கத் தொடங்கியபின் மின்கலவடுக்கைக் கழற்றினும் நிற்கமாட்டா. ஆயின் பிற்கால வகைகள் பலவற்றில், எரிபொருள் வாயிலை ஒரு வரிச்சுருள் காக்கின்றது. ஓட்டம் உள்ளவரையே வாயில் திறந்திருக்கும். அதன் கம்பி அறின், பம்பி நலமாயிருப்பினும் எஞ்சின் நிற்கும். திறப்பைத் திருப்பும்போது வரிச்சுருளிற் சிறு ‘கிளிக்’ ஒலி கேளாவிடின், அங்கு ஓட்டம் வருகின்றதா என முதலிற் சோதித்தல் வேண்டும். இவ்வறிவில்லாது விலைமிக்க பம்பியைக் கழற்றுவோர் உளர்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. புதிய இயந்திரங்கள் சிலவற்றில், ஓட்டுநர் இருக்கையை விட்டெழுந்தால் எஞ்சினை நிறுத்தும் ஆளி உண்டு. அது பழுதுறின், ஒரு கம்பித்துண்டால் இணைத்துவிட்டு வேலையைத் தொடர்வது எளிது. ஆனால், ஓட்டுநர் தவறி வீழின் சில்லும் சுழல்கலப்பையும் நில்லா. நின்ற இயந்திரம் ஒருநாள் வேலையைக் கெடுக்கும். நிற்கவேண்டியபோது நில்லாத இயந்திரமோ உயிரையே கவரும். அவ்வாளியை மாற்றுதலே தக்கது.

வழுவைத் தேடுவோனுக்கு வேண்டுவன விலையுயர்ந்த கருவிகளல்ல. சுற்றை இரண்டாகப் பகுத்து, எப்பாதி நலமுடையது என வினவி, விடைபெற்ற பின்னரே அடுத்த பாதிக்குச் செல்லும் பொறுமையே வேண்டும். ஆய்வுகூடத்திற் பயிலும் அம்முறை வயலிலும் பயன்படுமாயின், நாம் கற்ற கல்வி உழவனுக்கும் உதவியதாகும்.