முன்னிருக்கையும் மலைமுகடும்

"ஆழமறியாமல் காலை விடாதே" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆற்றில் இறங்குகிறவனுக்குச் சொல்லப்பட்ட இந்த அறிவுரையை, ஆகாயத்தில் பறக்கும் ஒரு சிறிய விமான நிறுவனம் நாள்தோறும் கடைப்பிடித்து வருகிறது என்றால் வாசகர்கள் வியப்படையக் கூடும். இமயமலையின் மடியில் அமைந்த பூட்டான் நாட்டின் 'ட்ரூக் ஏர்' என்னும் நிறுவனமே அது. 2024ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் அதன் உயர் வகுப்பில் பயணம் செய்யும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது. அப்பயணத்தில் நாங்கள் கண்டு மகிழ்ந்ததையும், பின்னர் எங்கள் நெஞ்சை உறுத்தியதையும் இக்குடும்ப இதழின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

எங்கள் மூத்த மகன் பூட்டானின் தலைநகரான திம்புவுக்கு அப்பால் நடைபெறும் நீர்மின் திட்டமொன்றில் பொறியாளனாகப் பணிபுரிகிறான். பெற்றோரைத் தன்னிடம் அழைத்து ஒரு பத்து நாள் வைத்துக்கொள்ள வேண்டுமென்பது அவனுடைய நெடுநாள் ஆசை. எங்கள் இல்லத்தரசிக்கோ முழங்கால் வலி. காலை மடக்கி அரைமணி நேரம் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒருவர் கைகொடுக்க வேண்டும். ஆகவே, "அம்மா கால் நீட்டி உட்காரட்டும்" என்று, கட்டணம் கணிசமாகக் கூடுதல் என்றாலும், பிசினஸ் கிளாஸ் எனப்படும் உயர் வகுப்பிலேயே இரண்டு பயணச் சீட்டுகளை அனுப்பிவைத்தான். வாழ்நாள் முழுவதும் இரண்டாம் வகுப்பு இரயில் பெட்டியில் பயணம் செய்து பழகிய எங்களுக்கு அது பெருமையாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது.

நடைவழியிலிருந்து வான்வழிக்கு

பூட்டானுக்குப் போவது ஒரு காலத்தில் எளிய செயலன்று. 1627ஆம் ஆண்டில் போர்த்துக்கீசிய இயேசு சபைக் குருக்களான எஸ்தெவாவோ காசெல்லா, யோவான் கப்ரால் ஆகிய இருவரும் மலைவழியே அந்நாட்டை அடைந்தனர். அங்குச் சென்ற முதல் ஐரோப்பியர்கள் அவர்களே என்பர். அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் வழி அவ்வளவாக மாறிவிடவில்லை. 1958இல் நம் பிரதமர் ஜவகர்லால் நேரு, மகள் இந்திராவோடு பூட்டானுக்குச் சென்றபோது, சிக்கிம் வழியாகச் சென்று, சும்பிப் பள்ளத்தாக்கைக் கடந்து, விலங்குகளின் முதுகில் ஏறிப் பல நாட்கள் பயணம் செய்தே பாரோவை அடைந்தார். இந்திய உதவியோடு எல்லையிலிருந்து திம்புவுக்கு மோட்டார் சாலை அமைக்கப்பட்டதே 1960களின் தொடக்கத்தில்தான்.

இந்நிலையில்தான் 1981ஆம் ஆண்டு அந்நாட்டு மன்னரின் ஆணையால் ட்ரூக் ஏர் நிறுவப்பட்டது. 'ட்ரூக்' என்பது பூட்டானியர் தங்கள் நாட்டின் சின்னமாகப் போற்றும் இடிமுழக்கப் பறவைநாகத்தைக் குறிக்கும் சொல். 1983 பிப்ரவரியில் பாரோவுக்கும் கொல்கத்தாவுக்கும் இடையே அதன் முதல் சேவை தொடங்கிற்று. அன்று பறந்தது 18 பேர் மட்டுமே அமரக்கூடிய டோர்னியர் விமானம். அச்சிறு கூட்டுக்குள் முன்வகுப்பேது, பின்வகுப்பேது? 1988இல் நான்கு எஞ்சின்கள் கொண்ட ஜெட் விமானமும், 2004இல் ஏர்பஸ் 319 வகை விமானங்களும் வந்து சேர்ந்தன. இன்றும் அந்நிறுவனத்தின் விமானங்களை எண்ண இரு கைவிரல்கள் போதும். பெரிய நிறுவனங்களின் நூற்றுக்கணக்கான விமானங்களோடு ஒப்பிட்டால் இது ஒரு குடும்பத் தொழில் போலத்தான் தோன்றும்.

காத்திருந்த காலை

கொல்கத்தா விமான நிலையத்தில் உயர் வகுப்பினருக்குத் தனி வரிசை. அதில் எங்களுக்கு முன்னே ஒரே ஒருவர்தான் நின்றார். பக்கத்து வரிசையோ நீண்டிருந்தது. அதில், பூட்டானியப் பெண்கள் உடுத்தும் 'கிரா' என்னும் நெய்த உடை அணிந்த மூதாட்டி ஒருவர் மகனின் தோளைப் பற்றியபடி நின்றிருந்தார். மகனின் கையில் ஒரு தடித்த கோப்பு. அதன் மேலட்டையில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பெயரைக் கண்டதும் எங்கள் இல்லத்தரசியின் முகம் மலர்ந்தது. நம் ஊர்ப் பெயரை அயலூரில் காணும்போது உண்டாகும் மகிழ்ச்சியை விவரிக்கவும் வேண்டுமோ?

பூட்டானில் மருத்துவம் இலவசம். உள்நாட்டில் செய்ய இயலாத சிகிச்சைகளுக்கு நோயாளிகளை அந்நாட்டு அரசே தன் செலவில் கொல்கத்தாவுக்கும் வேலூருக்கும் அனுப்பிவைக்கிறது. அவ்வாறு வந்து, இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டு, இரண்டு மாதங்களுக்குப் பின் வீடு திரும்புகிறவர் அம்மூதாட்டி என்பதை மகன் ஆங்கிலத்தில் எடுத்துரைத்தார். நாங்கள் தமிழர் என்று அறிந்ததும் மூதாட்டி புன்னகையோடு, "சாப்பிட்டீங்களா? வலிக்குதா?" என்றார். அவர் கற்றிருந்த தமிழ் அவ்வளவே. அவ்விரண்டு கேள்விகளையும் அவருக்குக் கற்றுத்தந்தவர்கள் வேலூர்ச் செவிலியர்கள். அந்நிய நாட்டில் நம் மொழிக்கு இதைவிடச் சிறந்த தூதுவர்கள் வேண்டுமா?

புறப்படும் நேரம் வந்தது. ஆனால் அழைப்பு வரவில்லை. பாரோப் பள்ளத்தாக்கை மேகம் மூடியிருப்பதாகவும், அது விலகிய பின்னரே விமானம் கிளம்பும் என்றும் அறிவித்தார்கள். உயர் வகுப்பினருக்கான ஓய்வறையில் எங்களோடு அமர்ந்திருந்த வணிகர் ஒருவர் பொறுமை இழந்தார். "இவ்வளவு பணம் கொடுத்து முன்னிருக்கை வாங்கியிருக்கிறேன். எனக்கும் காத்திருப்புத்தானா?" என்று அங்கிருந்த இளம் அலுவலரிடம் குரலை உயர்த்தினார். அலுவலர் சற்றும் முகம் சுளிக்கவில்லை. "ஐயா, மேகம் விலகியதும் எல்லோரும் ஒன்றாகப் போவோம்" என்று மட்டும் பணிவோடு கூறினார். அவர் விளக்கம் சொல்லவில்லை. ஆயினும் அந்த ஒரே வாக்கியத்தில் அந்நிறுவனத்தின் கொள்கை முழுவதும் அடங்கியிருந்ததைப் பின்னர் உணர்ந்தோம்.

பாரோ விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,235 மீட்டர் உயரத்தில், ஆற்றங்கரையில், ஒரு குறுகிய பள்ளத்தாக்கினுள் அமைந்துள்ளது. சுற்றிலும் 5,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைகள். சமவெளி நகரங்களில் இறங்குவது போலக் கருவிகளை மட்டும் நம்பி நேர்கோட்டில் இறங்க அங்கே வழியில்லை. விமானி தம் கண்ணால் மலையையும் பள்ளத்தாக்கையும் பார்த்துப் பார்த்தே இறக்க வேண்டும். ஆகையால் பயணி விமானங்கள் பகலொளியில் மட்டுமே அங்கு வந்து போகின்றன. பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்று வலுக்கும் என்பதால், பெரும்பாலும் காலையிலேயே பணியை முடித்துக்கொள்கிறார்கள். அவ்வுயரத்தில் காற்றும் மெலிந்தது; இறக்கைக்குத் தாங்கும் வலு குறையும், எஞ்சினின் ஆற்றலும் குறையும். ஆதலின் சுமையைக் கணக்கிட்டே ஏற்ற வேண்டும். இவ்வளவும் அறிந்து, தனிப் பயிற்சி பெற்ற விமானிகளுக்கு மட்டுமே அங்கு இறங்க அனுமதி உண்டு. இவர்களுள் எவரும் முன்னிருக்கைக்காரரின் அவசரத்துக்காக மலையோடு பேரம் பேசுவதில்லை.

திரைக்கு இப்பால்

இரண்டரை மணி நேரம் கழித்து அழைப்பு வந்தது. முன்பகுதியில் நடைவழியின் இருபுறமும் இரண்டிரண்டு அகன்ற இருக்கைகள். திரைக்கு அப்பால், பின்பகுதியில், மும்மூன்றாக நெருங்கிய இருக்கைகள். எங்கள் இல்லத்தரசி காலை நீட்டி உட்கார்ந்து, "அப்பாடா" என்று பெருமூச்சு விட்டாள். கிரா உடுத்திய பணிப்பெண் இன்முகத்தோடு வந்து பழச்சாறு தந்தார். விமானம் கிளம்பியதும் வெள்ளைத் துணி விரித்துச் சிற்றுண்டியும் தேநீரும் பரிமாறினார். பெரிய நிறுவனங்களின் விளம்பரங்களில் காணும் ஆடம்பரம் ஏதுமில்லை. படுக்கையாக மாறும் நாற்காலியும் இல்லை. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பயணத்தில் அதற்கு அவசியமும் இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தினரை உபசரிக்கும் பாங்குதான் இருந்தது.

வங்கத்தின் சமவெளி பின்தங்கியது. இடப்புறச் சன்னலில், மேகக் கடலுக்கு மேலே, 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்ஜங்கா வெண்பட்டு உடுத்தியது போல எழுந்து நின்றது. விமானத்தில் பேச்சொலி அடங்கிற்று. சற்று முன் சினந்து பேசிய வணிகரும் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் இல்லத்தரசி மட்டும் மலையைப் பார்க்கவில்லை. "என்னங்க, நம்ம முன்னால ரெண்டு இடம் காலியாத்தானே இருக்கு. அந்த அம்மா நெஞ்சில் தையலோட பின்னால நெருக்கி உட்கார்ந்திருக்காங்க. பணிப்பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கக் கூடாதா? இல்லையென்றால் என் இடத்தையாவது கொடுத்துவிடுகிறேனே" என்றாள்.

நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும் என்பதை வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அவ்வேளையில் எங்கள் உள்ளத்தில் எழுந்தவை வேறு. விதி இடங்கொடுக்குமோ கொடுக்காதோ, கேட்டு இல்லையென்றால் அவமானமாகுமே, மகன் இத்தனை பணம் கொடுத்து வாங்கிய இருக்கையாயிற்றே என்றெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். கணக்கு முடிவதற்குள் விமானம் இறங்கத் தொடங்கிவிட்டது. இடுப்பு வாரை இறுக்குமாறு அறிவிப்பு வந்தது. பணிப்பெண்ணும் தம் இருக்கைக்குச் சென்றுவிட்டார். இல்லத்தரசி ஒன்றும் பேசவில்லை. நீட்டியிருந்த காலை மட்டும் மெல்ல மடக்கிக்கொண்டாள்.

எல்லோருக்கும் ஒரே பள்ளத்தாக்கு

அந்த இறக்கத்தை எளிதில் மறக்க இயலாது. விமானம் இடப்புறம் சாய்ந்தது, வலப்புறம் சாய்ந்தது. சன்னலுக்கு வெளியே பைன் மரங்கள் அடர்ந்த மலைச்சரிவும், அதிலுள்ள வீடுகளின் கூரைகளும் எங்கள் கண்மட்டத்துக்கு நேராக ஓடின. ஓடுபாதை எங்கே என்று தேடினால் மலைதான் தெரிந்தது. கடைசி வளைவைக் கடந்த பின்னரே அது கண்ணில் பட்டது. அடுத்த சில நொடிகளில் சக்கரங்கள் தரையைத் தொட்டன. முன்பகுதியிலும் பின்பகுதியிலும் ஒருசேரக் கைதட்டல் எழுந்தது. அந்த ஓசைக்குத் திரை ஏதும் தடையாக இருக்கவில்லை.

அப்போதுதான் ஓர் உண்மை எங்களுக்கு உறைத்தது. கூடுதல் பணம் கொடுத்து நாங்கள் வாங்கியது சில அங்குல அகலமும், ஒரு வெள்ளைத் துணியும்தான். மேகம் விலகும் வரை காத்த பொறுமையும், வளைவிலே சிதறாத விமானியின் கவனமும் விலைக்கு வாங்கியவை அல்ல. அவை எல்லோருக்கும் ஒன்றாகவே அளக்கப்பட்டன. அந்த அகலத்தையேனும் நல்வழியில் செலவிட எங்களுக்கு ஒரு மணி நேரம் வாய்த்திருந்தது. அதைத் தயக்கத்திலேயே கழித்துவிட்டோம்.

மரவேலைப்பாடும் வண்ண ஓவியங்களும் நிறைந்த அழகிய நிலையக் கட்டடத்துக்கு வெளியே எங்கள் மகன் ஜீப்போடு காத்திருந்தான். மூதாட்டியும் அவருடைய மகனும் பெட்டிகளோடு சாலையோரம் நின்றுகொண்டிருந்தார்கள். திம்புவில் உள்ள மகள் வீட்டுக்குப் போக வேண்டுமாம். ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். விமானம் தாமதித்ததால், வருவதாகச் சொன்ன வண்டி வேறு சவாரிக்குப் போய்விட்டதாம்.

இம்முறை எங்கள் இல்லத்தரசி எங்களிடம் கருத்துக் கேட்கவில்லை. நேரே சென்று மூதாட்டியின் கையைப் பற்றி அழைத்துவந்து, ஓட்டுநர் பக்கத்தில், காலை நீட்டி உட்காரக்கூடிய முன்னிருக்கையில் அமர்த்தினாள். பின்பக்கத்தில் நாங்கள் நால்வரும் நெருக்கியடித்துக்கொண்டோம். "அம்மா, உன் முழங்கால்?" என்று மகன் பதறினான். "ஒரு மணி நேரந்தானேடா" என்றாள் அவள்.

ஆற்றின் ஓரமாக வளைந்து வளைந்து சென்றது சாலை. ஒவ்வொரு பெரிய வளைவிலும் மூதாட்டி திரும்பி, எங்கள் இல்லத்தரசியின் முழங்காலைச் சுட்டிக் காட்டி, "வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். வலித்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் திம்பு வரும் வரை அவள் ஒரு முறைகூட ஆம் என்று சொல்லவில்லை.