பிள்ளைகளே விளையாட்டு செய்யட்டும்: காரைக்கால் வகுப்பறைக்கு ஒரு குடிமையியல் வழி

உங்கள் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டது. யாரிடம் சொல்வீர்கள்? நகராட்சியிடமா, கலெக்டர் ஆபீஸிலா, எம்.எல்.ஏ.விடமா? வீட்டில் கரண்ட் போனால் யாரிடம் சொல்வது? பாஸ்போர்ட் வரத் தாமதமானால்?

போனைக் கையில் வைத்திருக்கும் நாமே சில நேரம் திணறிப்போகிறோம். அப்படியென்றால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை என்ன செய்யும்? புத்தகத்தில் "உள்ளாட்சி அமைப்பின் பணிகள் யாவை?" என்று கேள்வி வரும். மனப்பாடம் செய்து ஐந்து மார்க் வாங்கிவிடும். ஆனால் தெருமுனையில் நின்று யோசிக்கும்போது அந்த ஐந்து மார்க் உதவிக்கு வராது.

இதற்குச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. பிள்ளைகளுக்கு விளையாட்டு வாங்கிக் கொடுப்பது அல்ல, அவர்களையே ஒரு விளையாட்டைச் செய்யச் சொல்வதுதான் அந்த வழி.

காரைக்காலுக்கு இது ஏன் முக்கியம்?

காரைக்கால் மாவட்டம் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்தது. ஆனால் சுற்றிலும் தமிழ்நாடு. வடக்கே போனால் தரங்கம்பாடி, தெற்கே போனால் நாகூர். அரை மணி நேர பஸ் பயணத்தில் அரசாங்கமே மாறிவிடும். முதலமைச்சரும் தலைமைச் செயலகமும் இருப்பது கடலோரமாக 130 கிலோமீட்டர் தள்ளி, புதுச்சேரியில். 30 பேரைத் தேர்ந்தெடுக்கும் புதுச்சேரி சட்டப்பேரவைக்கு நெடுங்காடு, திருநள்ளாறு, காரைக்கால் வடக்கு, காரைக்கால் தெற்கு, நிரவி–திருமலைராயன்பட்டினம் என்று 5 தொகுதிகள் இங்கிருந்து. மக்களவைக்கு மொத்தப் பிரதேசத்துக்கும் ஒரே ஒரு எம்.பி.

ஊர் மட்டத்தில் ஒரு நகராட்சியும் 5 கொம்யூன் பஞ்சாயத்துகளும் உள்ளன. "கொம்யூன்" என்ற சொல்லே பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனது. ஆனால் அந்த உள்ளாட்சிக்கு ஓட்டுப் போட்டு ஆள் அனுப்புவதைப் பார்த்த அனுபவம் இங்குள்ள பிள்ளைகளுக்குக் கிடையாது. புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2021-ல் மீண்டும் அறிவிக்கப்பட்ட தேர்தல் நடக்காமல் நின்றது. அதாவது, இன்று ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை 2006 தேர்தலின்போது பிறக்கவே இல்லை. "வார்டு மெம்பர்" என்பது அதற்குப் புத்தகத்தில் படித்த சொல் மட்டும்தான்.

கண்ணால் பார்க்காததை எப்படிப் புரியவைப்பது? செய்து பார்க்க வைக்கலாம்.

இது புதுசு ஒண்ணும் இல்லை

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க நம் வீடுகளில் பரமபதம் ஆடுவார்கள். அதில் ஏணி ஒவ்வொன்றும் ஒரு நற்குணம், பாம்பு ஒவ்வொன்றும் ஒரு தீய குணம். எந்தக் குணத்துக்கு எவ்வளவு நீளமான பாம்பு என்று முடிவு செய்தவர், எது பெரிய தப்பு என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிட்டார். அந்த விளையாட்டு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்துக்குப் போய், குணங்களின் பெயர்களை மெல்ல மெல்ல உதிர்த்துவிட்டு, வெறும் பாம்பும் ஏணியுமாக நம்மிடமே திரும்பி வந்தது.

அமெரிக்காவில் எலிசபெத் மாகி என்ற பெண்மணி 1904-ல் "நில உரிமையாளர் விளையாட்டு" என்ற ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். நிலம் எல்லாம் ஒருவர் கையில் சேர்ந்தால் மற்றவர்கள் கதி என்ன ஆகும் என்று காட்டுவதுதான் அவர் நோக்கம். பிற்காலத்தில் அதுவே மோனோபாலி ஆனது. நம் பிள்ளைகள் "பிசினஸ்" என்று ஆடுவது அதன் பேரப்பிள்ளை.

நம் நாட்டிலும் தேர்தல் ஆணையம் 2018 ஜனவரி 25, தேசிய வாக்காளர் தினத்தன்று, பள்ளி கல்லூரிகளுக்காகத் தேர்தல் எழுத்தறிவு மன்றங்களைத் தொடங்கியது. பள்ளிகளில் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை உள்ள வருங்கால வாக்காளர்களுக்கு விளையாட்டு, செயல்பாடு வழியாகத் தேர்தலைப் புரியவைப்பது இதன் வேலை. உங்கள் பள்ளியில் இந்த மன்றம் இருந்தால், கீழே சொல்வதை அங்கேயே தொடங்கலாம்.

விளையாட்டு ஒன்று: "எந்தக் கதவு?"

தேவையானவை: பழைய காலண்டர் அட்டை, ஸ்கெட்ச் பேனா, புளியங்கொட்டை.

முதல் வேலை, ஒவ்வொரு பிள்ளையும் தன் தெருவில் உள்ள ஒரு குறையை அல்லது வீட்டுக்குத் தேவையான ஒரு சேவையை ஒரு அட்டையில் எழுதுவது. குப்பை அள்ளவில்லை, பிறப்புச் சான்றிதழ் வேண்டும், சாதிச் சான்றிதழ் வேண்டும், கரண்ட் இல்லை, ஆதாரில் பெயர் தப்பு, நாகூர் போகும் தமிழ்நாடு அரசு பஸ் நிற்காமல் போனது, இப்படி.

அடுத்து, நான்கு கதவுகள் வரையுங்கள்: நகராட்சி அல்லது கொம்யூன், புதுச்சேரி அரசுத் துறை, ஒன்றிய அரசு, பக்கத்து மாநிலம். அணிக்கு 30 புளியங்கொட்டை. ஒரு கொட்டை என்றால் ஒரு நாள். அட்டையைச் சரியான கதவில் வைத்தால் நாள் போகாது. தப்பான கதவில் வைத்தால் 5 நாள் போச்சு.

ஏன் 30, ஏன் 5? இரண்டும் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ல் இருந்து எடுத்த எண்கள். அந்தச் சட்டப்படி மனு கொடுத்தால் 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். கேட்ட தகவல் வேறு அலுவலகத்தைச் சேர்ந்தது என்றால், 5 நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்ப வேண்டும். சட்டத்தின் பிரிவை மனப்பாடம் செய்யாமலேயே பிள்ளைக்கு அது விரல் நுனியில் நின்றுவிடும்.

விடைத்தாளை ஆசிரியர் தயாரிக்க வேண்டாம். "இது யாருடைய வேலை?" என்று பிள்ளைகளே விசாரித்து எழுதட்டும். பிறப்பைப் பதிவது நகராட்சியும் கொம்யூனும், சாதிச் சான்றிதழ் தருவது வருவாய்த்துறை, மின்சாரம் புதுச்சேரி மின்துறை, பாஸ்போர்ட்டும் ஆதாரும் ஒன்றிய அரசு என்று தேடிக் கண்டுபிடிப்பதில்தான் பாதிப் பாடம் இருக்கிறது.

விளையாட்டு இரண்டு: "கூண்டு ஏத்தியாச்சா?"

இது டிஜிட்டல் குடிமைக்கான விளையாட்டு. கடலோரத்துப் பிள்ளைகளுக்குப் புயல் புதிதல்ல. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்ததைப் பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு போன்ற மீனவர் கிராமங்களில் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்டுத்தான் ஊர் அடுத்த வேலையை முடிவு செய்யும். அதே நேரத்தில் வாட்ஸ்அப்பில் எத்தனை வதந்தி!

விதி இதுதான். 30 செய்தி அட்டைகள். முன்பக்கம் செய்தி, பின்பக்கம் உண்மையா பொய்யா என்ற விடை. ஆட்டத்தில் 5 பேர். தன் முறை வரும்போது ஒருவர் மூன்றில் ஒன்றைச் செய்யலாம்.

அனுப்பு: உடனே ஒரு புளியங்கொட்டை, அதாவது ஒரு "லைக்", கிடைக்கும். பிறகு அட்டையைத் திருப்ப வேண்டும். பொய்யென்றால் நடுவில் உள்ள பொதுச் சட்டியில் ஒரு கல் விழும்.

சரிபார்: பின்பக்கத்தைப் பார்க்கலாம். உண்மையென்றால் அடுத்த முறை அனுப்பலாம். ஆனால் இந்த முறை கொட்டை கிடையாது.

நிறுத்து: ஒன்றும் கிடைக்காது, ஒன்றும் போகாது.

சட்டியில் 6 கல் சேர்ந்தால் ஊர் கலவரப்பட்டுப்போச்சு என்று பொருள். எல்லோரும் தோற்றார்கள். அதற்குள் அட்டை தீர்ந்தால், கொட்டை அதிகம் வைத்திருப்பவர் வென்றார்.

ஆடிப் பாருங்கள். அனுப்பினால் உடனே லாபம், சரிபார்த்தால் நஷ்டம் என்று விதி இருக்கும்போது கை தானாக "அனுப்பு" பக்கம்தான் போகும். சட்டி நிறைந்து ஆட்டம் கலைந்ததும் பிள்ளைகள் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். அப்போது ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "தப்பு உங்க பேர்லயா, விதி பேர்லயா?"

இந்தக் கேள்விதான் டிஜிட்டல் குடிமையின் மையம். நம் போனில் இருக்கும் ஒவ்வொரு செயலியும் யாரோ விதி எழுதிய ஆட்டம்தான். 2018-ல் "பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்க" என்ற வதந்தியால் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி விதியை மாற்றியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கியது. விதி மனிதர் எழுதியது, அதை மாற்றவும் முடியும் என்பதைப் பிள்ளை இங்கே நேரடியாகப் பார்க்கிறது.

விதியை மாற்றுவதே பெரிய பாடம்

"சார், சரிபார்த்தவனுக்கும் ஒரு கொட்டை குடுங்க" என்று யாராவது சொல்வார்கள். உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். "முறைப்படி திருத்தம் கொண்டு வா" என்று சொல்லுங்கள்.

அரசியலமைப்பைத் திருத்த நாடாளுமன்றத்தின் ஒவ்வொரு அவையிலும் இரண்டு கணக்கு சரியாக வர வேண்டும். வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அது மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலாகவும் இருக்க வேண்டும். இதையே வகுப்பில் வையுங்கள். மொத்தம் 30 பேர், அன்று வந்து ஓட்டுப் போட்டவர்கள் 21 பேர் என்றால், மூன்றில் இரண்டு பங்கு 14. ஆனால் 30-ல் பாதிக்கு மேல் என்றால் 16 வேண்டும். ஆகவே 14 பேர் கை தூக்கினாலும் திருத்தம் நிறைவேறாது. "இன்னிக்கு லீவு போட்டவங்களையும் கேட்டாகணுமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆமாம், அதற்காகத்தான் அந்த இரண்டாவது கணக்கு.

இந்த இடத்தில் நம் ஊர் வரலாற்றையும் சொல்லலாம். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில், பிரெஞ்சு இந்தியாவின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய ஆதரவாக 170, எதிராக 8. நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. காரைக்கால் இன்று இந்தியாவில் இருப்பதற்குப் பின்னால் ஒரு வாக்கெடுப்பும் இருக்கிறது.

விளையாட்டு மூன்று: "ஏமாத்துக்காரன் அட்டை"

இதில் பிள்ளைகள் மோசடிக்காரனின் இடத்தில் உட்கார்ந்து யோசிக்கிறார்கள். எந்த மோசடி அழைப்பும் பயம், ஆசை, அவசரம் என்ற மூன்றில் ஒன்றைப் பிடித்து இழுக்கும். ஒவ்வொரு அணியும் மூன்றுக்கும் ஒவ்வொரு வசனம் எழுதட்டும். எதிரணி எந்தக் கயிறு என்று கண்டுபிடித்து, சரியான பதில் அட்டையைப் போட வேண்டும். பதில் அட்டைகளில் இவை கட்டாயம் இருக்கட்டும்:

• பணம் பெற யு.பி.ஐ. பின் எண் தேவையில்லை. பின் போட்டால் பணம் நம்மிடமிருந்துதான் போகும்.
• ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லக் கூடாது.
• "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று சட்டத்தில் ஒன்றும் இல்லை. வீடியோ காலில் யாரையும் கைது செய்ய முடியாது.
• பணம் போய்விட்டால் உடனே 1930.

வீட்டுப்பாடம்: இந்த அட்டைக் கட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாத்தா பாட்டியோடு ஒரு ஆட்டம் ஆட வேண்டும். பென்ஷன் பணம் வங்கியில் இருப்பது அவர்களுக்குத்தானே!

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சில எச்சரிக்கைகள்

ஆறு பீரியட் போதும். இரண்டு அட்டை எழுத, ஒன்று ஆட, ஒன்று விதி திருத்த, ஒன்று மறுபடி ஆட, கடைசி ஒன்று பேச. இந்தக் கடைசிப் பேச்சை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் மிஞ்சுவது புளியங்கொட்டைதான்.

கட்சிப் பெயர், கொடி, சின்னம், தலைவர் பெயர் எதுவும் வேண்டாம். மாதிரித் தேர்தல் வைத்தால் மாங்காய், நண்டு, கட்டுமரம் என்று சின்னம் கொடுங்கள். "மேற்கண்ட எவரும் இல்லை" என்ற நோட்டாவும் இருக்கட்டும்; அது 2013 முதல் நம் வாக்குப்பதிவில் உண்டு.

அட்டையில் உண்மையான பிள்ளையின் பெயர், போன் எண், போட்டோ போடக் கூடாது. ஆட்டத்தை வீடியோ எடுத்துப் பள்ளிக் குழுவில் போடும் முன் பெற்றோரைக் கேளுங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-ன்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தை. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்பது அதன் அடிப்படை.

அட்டையில் ஆடிப் பழகிய பிறகு, கம்ப்யூட்டர் லேப் இருந்தால் அதே விளையாட்டை ஸ்க்ராட்ச் என்ற இலவச மென்பொருளில் செய்யலாம். லேப் இல்லை என்பதால் தொடங்காமல் இருக்க வேண்டாம்.

போனில் சேமித்து வையுங்கள்

1930 – இணையவழிப் பண மோசடி. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகாரைப் பதியலாம்.
1098 – குழந்தைகள் உதவி எண்.
112 – அனைத்து அவசர உதவி.
வாக்காளர் பதிவு – படிவம் 6. 17 வயது முடிந்த பிள்ளைகள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நான்கு தேதிகளில் எந்தத் தேதியில் 18 நிரம்பியிருக்கிறதோ, அதை வைத்துப் பெயர் சேரும்.

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், படிவம் 6-ஐ இன்றைக்கே போனில் திறந்து அதன் கையில் கொடுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் அதுவே நிரப்பட்டும்.