வீடு விலைபோகாமல் நிற்கிறதா?

இலையுதிர் காலத்தில் வாசலில் நட்ட ‘விற்பனைக்கு’ பலகை மார்கழிப் பனிக்குள்ளும் நிற்கிறது. பார்க்க வருபவர்கள் குறைந்துவிட்டார்கள். இதற்குள் புதிய வீட்டுக்கும் கையெழுத்து வைத்தாயிற்று. ரொறன்ரோவிலும் அயல் நகரங்களிலும் எம்மவர் பலர் பட்டறிந்த சங்கடம் இது.

முதலில் விலையைப் பாருங்கள். பக்கத்து வீடு முன்பு போன விலை இன்றைய விலை அல்ல. 1989இல் உச்சத்தைத் தொட்ட ரொறன்ரோ வீட்டு விலைகள் அதன்பின் விழுந்து, 1990களின் நடுப்பகுதியிலும் நிமிரவில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 0.25 சதவீதமாக இருந்த கனடிய மத்திய வங்கியின் வட்டி 2023 ஜூலையில் 5 சதவீதமானது. வட்டி ஏறினால் அதே சம்பளத்துக்குக் கிடைக்கும் கடன் குறையும். வாங்குபவர் தரக்கூடிய விலையும் குறையும். நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள், பேஸ்மென்ற் கட்ட எவ்வளவு செலவழித்தீர்கள் என்பது அவருக்குக் கணக்கல்ல. உங்கள் பகுதியில் இதே அளவான வீடுகள் கடந்த இரண்டு மூன்று மாதங்களில் என்ன விலைக்குக் கைமாறின என்ற பட்டியலை முகவரிடம் கேட்டு வாங்குங்கள். கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு.

அடுத்து, காத்திருப்பதன் செலவு. பழைய வீட்டில் 480,000 டொலர் கடன் மிச்சம், வட்டி 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் மாதம் ஏறக்குறைய 2,000 டொலர். புதிய வீட்டுக்குக் குடிபோன பிறகு, இன்னும் 10,000 கூடக் கிடைக்கட்டும் என்று ஐந்து மாதம் பொறுத்தால், அந்தப் 10,000 வட்டியிலேயே கரைந்துவிடும். வீட்டு வரி, காப்புறுதி, வெப்பமூட்டும் செலவு தனி.

பெருஞ்செலவில் குசினியை மாற்ற அவசரப்பட வேண்டாம். ஒழுகும் குழாயைத் திருத்தி, சுவருக்கு வெளிர் நிறம் பூசி, மிதமிஞ்சிய தளபாடங்களை அகற்றினாலே வீடு வெளிச்சமாகத் தெரியும். ஆட்கள் பார்க்க வரும் நாளில் தாளிப்பதைத் தள்ளிவையுங்கள்.

முகவர் ஊர்க்காரர், உறவுக்காரர் என்று கூச்சப்பட்டு ஒப்பந்தத்தை வாசிக்காமல் விடாதீர்கள். அது என்று முடிகிறது? முடிந்த பின்னும் குறித்த நாட்களுக்குள், அவர் காட்டிய ஆளுக்கே விற்றால் தரகுப் பணம் கொடுக்க வேண்டுமா? இந்த இரண்டையும் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். வங்கியிடமும் ஒன்று கேளுங்கள்: தவணைக்கு முன் கடனை முடித்தால் அபராதம் எவ்வளவு, அக்கடனைப் புதிய வீட்டுக்கு மாற்றலாமா?

இப்போதுதான் முதல் வீடு வாங்கியிருப்பவர்களும் இதை மனதில் வைத்திருங்கள். நாளை பெரிய வீட்டுக்கு மாற நினைக்கும்போது, முதலில் விற்று, பிறகு வாங்குங்கள். இடையில் சில மாதம் வாடகைக்கு இருப்பது கௌரவக் குறைச்சல் அல்ல. இரண்டு வீட்டுக் கடனைக் கட்டுவதற்காகத் தாயும் தகப்பனும் இரவு பகலாக வேலைக்கு ஓட, பிள்ளைகள் தனித்திருப்பதுதான் பெரிய நட்டம்.