ஸபீலும் சந்தையும்: இஸ்தான்புல் சதுக்கங்களின் நீர் மண்டபங்கள்

'ஸபீல்' என்னும் அரபுச் சொல்லுக்குப் பாதை என்பதே முதற்பொருள். வழிப்போக்கரின் தாகம் தீர விலையின்றி நீர் வழங்கும் மண்டபத்துக்கும் காலப்போக்கில் அதுவே பெயராயிற்று. இப்பொருள் விரிவுக்குப் பின்னே ஒரு நீண்ட சட்ட மரபு உண்டு. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டபோது, மூலத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு விளைச்சலை அறத்துக்கு விட்டுவிடுமாறு அவர்களுக்குக் கூறப்பட்டது. இமாம் நஸாயீ அவர்களின் தொகுப்பிலுள்ள ஓர் அறிவிப்பில், விட்டுவிடுதலைக் குறிக்க வந்துள்ள ஏவல் வினை 'ஸப்பில்' என்பது. ஸபீலும் அதுவும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. வக்ஃபுக்கு ஃபிக்ஹு அறிஞர்கள் கூறும் இலக்கணமும் இதனை ஒட்டியதே: பொருளை (அய்ன்) நிறுத்தி வைத்தல், அதன் பயனை (மன்ஃபஅத்) ஓடவிடுதல்.

நகரச் சதுக்கமொன்றில் புதிய வணிகக் கட்டடங்கள் எழும்போது, அங்கே முன்னரே நிற்கும் பொதுக் கலைப்படைப்புகளை எங்ஙனம் காப்பது என்னும் வினா இன்று உலகெங்கும் எழுகிறது. மேலை நாடுகளில் அவ்வினா பெரும்பாலும் சிலைகளைப் பற்றியது. உருவச் சிலைகளைத் தவிர்த்து வந்த முஸ்லிம் நகரங்களிலோ, சதுக்கத்தின் நடுவே அனைவருக்கும் பொதுவாக நின்ற கலைப்படைப்பு நீர் மண்டபமே. எழுத்தணிக் கலை, கற்செதுக்கு, கவிதை, நீர்ப் பொறியியல் ஆகியவை அதில் ஒன்றுகூடின. அம்மண்டபங்கள் நகர வளர்ச்சியின் நெருக்குதலுக்கு ஆளான வரலாற்றை இஸ்தான்புல்லில் காண்பது போல வேறெங்கும் இத்துணைத் தெளிவாகக் காண இயலாது என்பது நம் கருத்து.

உஸ்மானியத் தலைநகரின் நீர் மண்டபங்கள் இருவகைப்படும். ஒன்று 'செஷ்மெ'. இது குழாய் பதித்த மண்டபம். வருவோர் தாமே குடத்தில் நீர் பிடித்துச் செல்வர். பாரசீகத்தில் 'சஷ்ம்' என்றால் கண். நாம் ஊற்றுக்கண் என்று சொல்வது போலவே அப்பெயர் அமைந்தது. (அரபியின் 'அய்ன்' என்னும் சொல்லும் கண்ணையும் ஊற்றையும் குறித்து, மேலே கண்டவாறு பொருளின் மூலத்தையும் குறிப்பது ஓர் அழகிய இயைபு.) மற்றொன்று ஸபீல், துருக்கியர் 'செபில்' என்பர். இதில் அணிவேலைப்பாடுள்ள கம்பிச் சாளரங்களுக்குப் பின்னே பணியாளர் நின்று, கிண்ணங்களில் நீர் நிரப்பி வெளியே நீட்டுவர். பணியாளரின் ஊதியம், கிண்ணங்களின் செலவு, சில இடங்களில் கோடையில் நீரைக் குளிர்விக்கும் பனிக்கட்டி வரை வக்ஃபு ஆவணத்தில் எழுதி வைக்கப்பட்டன. கெய்ரோவில் ஸபீலின் மேல்தளத்திலேயே சிறுவர்க்கான குர்ஆன் பள்ளியையும் அமைத்தனர். அப்துர் ரஹ்மான் கத்குதா 1744இல் கட்டிய ஸபீல், அல்முஇஸ் வீதி இரண்டாகப் பிரியும் முனையில் இன்றும் நிற்கிறது. தெரு பிரியும் இடத்தை அதற்கென்று தேர்ந்தது தற்செயல் அன்று.

இஸ்தான்புல்லுக்குத் திரும்புவோம். தோப்காபி அரண்மனையின் முதல் வாயிலுக்கு எதிரே மூன்றாம் அஹ்மத் 1728இல் எழுப்பிய மண்டபத்தில் நான்கு பக்கமும் செஷ்மெ, நான்கு மூலையிலும் ஸபீல். கவிஞர் செய்யித் வெஹ்பியின் நெடுங்கவிதை அதனைச் சுற்றிச் செல்கிறது. கட்டிய ஆண்டைக் காட்டும் வரி சுல்தான் இயற்றியது. எழுத்துகளுக்கு எண் மதிப்பு அளிக்கும் அப்ஜத் முறையில் அவ்வரியைக் கூட்டினால் ஹிஜ்ரி 1141 கிடைக்கும். பிஸ்மில்லாஹ்வுக்கு 786 என்று எழுதும் வழக்கத்தை அறிந்த நம் வாசகர்களுக்கு இம்முறை புதிதன்று. நாம் இங்கே கருத வேண்டியது வேறொன்று. இக்கவிதையைப் படிக்க விரும்புபவர் மண்டபத்தைச் சுற்றி நடக்க வேண்டும். அப்படியானால் மண்டபத்தைச் சூழ்ந்த வெற்றிடமும் அப்படைப்பின் ஓர் உறுப்பாகிறது. ஒரு பக்கத்தில் கட்டடமொன்று வந்து ஒட்டிவிட்டால், ஒரு கல்லும் உடையாமலேயே கவிதை அறுந்துபோகும்.

அடுத்து தோப்ஹானே. பீரங்கி வார்ப்புச் சாலை என்பது அப்பெயரின் பொருள். முதலாம் மஹ்மூத் 1732இல் வடக்கேயுள்ள பஹ்செகொய்ப் பகுதியிலிருந்து நகரின் மேட்டுக்கு நீர் கொண்டுவந்து, அங்கிருந்து பல குழாய்களாகப் பிரித்தனுப்பினார். பிரித்தலைக் குறிக்கும் 'தக்ஸீம்' என்னும் அரபுச் சொல்லே அம்மேட்டின் பெயராயிற்று. இன்று செய்திகளில் நாம் அடிக்கடி கேட்கும் தக்சிம் சதுக்கம் அதுதான். நீர் பிரித்த சிறு கற்கட்டடம் அதன் ஓரத்தில் இன்னும் உள்ளது. புதிய நீர் வந்தவுடன் கீழேயுள்ள குடியிருப்புகளில் மண்டபங்கள் வரிசையாக எழுந்தன. அவற்றில் தலைசிறந்தது தோப்ஹானே செஷ்மெ. அதன் பளிங்குச் சுவர்களில் தொட்டிகளில் வளரும் பழமரங்களும், கிண்ணங்களில் குவித்த கனிகளும், பூச்சாடிகளும் செதுக்கப்பட்டுள்ளன. உயிரினத்தின் உருவம் ஒன்றுமில்லை. ஆயினும் கல் உயிரோடிருப்பது போன்ற தோற்றம். மிமார் ஸினானின் கிலிச் அலி பாஷா பள்ளிவாசல் ஒருபுறமும், 1826இல் நிறைவுற்ற நுஸ்ரத்திய்யா பள்ளிவாசல் மறுபுறமும் இருக்க, கடற்கரையை ஒட்டி, படகோட்டிகளும் சுமைக்காரர்களும் சந்தைக்கு வருவோரும் கூடும் இடத்தில் அது நின்றது.

சந்தையும் ஸபீலும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ணிவிடலாகாது. இம்மண்டபங்களைப் பேணியதே வணிகம்தான். கடைகள், ஹான்கள் என்னும் வணிக விடுதிகள், பொதுக் குளியலகங்கள் ஆகியவற்றின் வாடகை வக்ஃபாக எழுதப்பட்டது. குழாய் பழுதானால் சீர் செய்வதும் பணியாளருக்கு ஊதியம் தருவதும் அவ்வருவாயிலிருந்தே. கடை செழித்தால் நீரும் ஓடும். வாகிஃபின் நிபந்தனை ஷரீஅத்தின் சட்ட வாசகம் போன்றது என்னும் ஃபிக்ஹு விதி இப்பிணைப்புக்குக் காவலாக நின்றது.

அப்பிணைப்பு படிப்படியாக அறுக்கப்பட்டது. 1826இல் வக்ஃபு நிர்வாகத்தை ஓர் அரசுத் துறையின்கீழ் கொணர்ந்தார் இரண்டாம் மஹ்மூத். தனித்தனி வக்ஃபுகளின் வருவாய் பொதுக் கருவூலத்தை நோக்கித் திரும்பியது. குடியரசு வந்தபின் 1926ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் வக்ஃபு நீர்களை நகராட்சிகளிடம் ஒப்படைத்தது. நீர் ஒருவர் கையிலும் கல் மற்றொருவர் கையிலும் சென்றன. அரசுக் கட்டடங்களிலுள்ள சுல்தான்களின் முத்திரைகளையும் புகழ்க் கல்வெட்டுகளையும் நீக்க 1927இல் ஒரு சட்டம் வந்தது. 1928இல் எழுத்தே மாறியது. ஊர்ச் சதுக்கத்தில் நின்ற கவிதை, ஒரே தலைமுறையில் அவ்வூர் மக்களுக்கே புரியாத கோலமாயிற்று.

வணிகக் கட்டடம் வந்து நீர் மண்டபத்தை இடம் பெயர்த்ததற்கு நாம் அறிந்தவற்றுள் பொருள் செறிந்த சான்று, முதலாம் அப்துல் ஹமீதின் ஸபீல். எமினோனூத் துறைமுகத்தை அடுத்த பஹ்செகபி என்னும் சந்தைப் பகுதியில் 1770களின் பிற்பகுதியில் அச்சுல்தான் ஓர் அறநிலையத் தொகுதியை அமைத்தார். ஏழைகளுக்கு உணவளிக்கும் இமாரத், மத்ரஸா, நூலகம், ஸபீல், தமக்கென ஓர் அடக்கத்தலம் ஆகியவை அதில் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வக்ஃபுகளின் வருவாயைப் பெருக்க வேண்டி, வாடகைக்கு விடத்தக்க பெரும் அலுவலகக் கட்டடங்களை வக்ஃபு அமைச்சகமே எழுப்பலாயிற்று. அவற்றுள் பெரியதான நான்காம் வக்ஃபு ஹான், கட்டடக் கலைஞர் கமாலுத்தீனின் வரைவில் 1911இல் தொடங்கி 1926இல் முடிந்தது. அது எழுந்த இடம் அந்த இமாரத்தின் இடம். இமாரத் இடிக்கப்பட்டது. ஸபீல் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, குல்ஹானேப் பூங்காவுக்கு எதிரே ஸைனப் சுல்தான் பள்ளிவாசலின் மூலையில் மீண்டும் அடுக்கப்பட்டது.

இடித்தவர் அந்நியர் அல்லர். அறத்தைக் காக்கவென்றே அமைந்த துறையினர். அவர்கள் ஸபீலை உடைத்தெறியவும் இல்லை. வளைந்து நெளியும் அதன் பளிங்கு முகப்பும் கம்பிச் சாளரங்களும் இன்றும் கண்ணுக்கு விருந்து. ஹனஃபி மத்ஹபில் 'இஸ்திப்தால்' என்னும் மாற்றீட்டு விதி உண்டு. பயன் குன்றிய வக்ஃபுச் சொத்தை, காழியின் அனுமதியோடு, அதைவிடப் பயனுள்ள ஒன்றுக்கு மாற்றலாம். அமைச்சகத்தார் அவ்விதியின் நிழலில் நின்றிருக்கலாம். ஆனால் மாற்றப்பட்டது எது? துறைமுகத்தில் இறங்கி வெயிலில் சுமை தூக்கி வந்தவர்களுக்காக அமைந்தது அந்த ஸபீல். அதன் பயன் அக்கூட்டத்தோடு பிணைந்திருந்தது. அய்ன் காக்கப்பட்டது, மன்ஃபஅத் பழைய இடத்திலேயே விடப்பட்டது. சுல்தானின் அடக்கத்தலம் பஹ்செகபியிலேயே இருக்கிறது. நீர் அருந்தியவர் பக்கத்தில் உறங்குபவருக்காக துஆச் செய்ய வேண்டும் என்பது இத்தகைய அமைப்பின் நோக்கம். அவ்விரண்டுக்கும் இடையே இன்று சில தெருக்கள் உள்ளன. வருவாய்க்காக எழுந்த அந்த ஹானோ பிற்காலத்தில் ஓர் உயர்தர விடுதியாக மாறிவிட்டது.

இடம் பெயர்த்தாவது காத்தார்களே என்று ஆறுதல் கொள்வோர் காரகோய்ச் சதுக்கத்தின் கதையையும் அறிய வேண்டும். 1950களின் பிற்பகுதியில் பிரதமர் மென்டரஸ் காலத்தில் அகன்ற சாலைகளுக்காக நகரின் பல பகுதிகள் இடிக்கப்பட்டன. இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரைமொண்டோ தாரோன்கோ வரைந்த, பளிங்கு முகப்புடைய சிறு பள்ளிவாசல் ஒன்று அச்சதுக்கத்தில் இருந்தது. கினாலியாதா தீவில் மீண்டும் கட்டுவதாகச் சொல்லி அதனை 1958இல் பிரித்தனர். அது எங்கும் மீண்டும் எழவில்லை. கலாத்தாவின் பெரெகெத்ஸாதே செஷ்மெக்கு நற்பேறு இருந்தது. அதே காலத்தில் பெயர்க்கப்பட்ட அது கலாத்தாக் கோபுரத்தின் அருகே நிற்கிறது. வியப்பு என்னவெனில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தன் அகன்ற கூரையை இழந்து மொட்டையாக நின்ற தோப்ஹானே செஷ்மெக்கு, பழைய ஓவியங்களைப் பார்த்து மீண்டும் கூரை அமைத்ததும் இதே 1950களில்தான். ஒரு கையால் இடித்து மறு கையால் எழுப்பிய காலம் அது.

அண்மைக் காலத்தில் தோப்ஹானேயின் முகம் மறுபடியும் மாறியிருக்கிறது. காரகோயிலிருந்து கடலோரமாக ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளத்துக்குக் கப்பல் முனையமும் கடைத்தெருவும் உணவகங்களும் விடுதியும் கொண்ட கலாத்தாபோர்ட் என்னும் வளாகம் 2021இல் திறக்கப்பட்டது. அதற்கு வழிவிட, 1940இல் கட்டிய காரகோய்ப் பயணிகள் நிலையம் 2017இல் இடிக்கப்பட்டபோது பலத்த எதிர்ப்பு எழுந்தது. எனினும் வளாகத்தால் ஒரு நன்மையும் விளைந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. சுல்தான் அப்துல் மஜீத் காலத்து மணிக்கூண்டு துறைமுகச் சுங்க வேலிக்குள் சிக்கிப் பல்லாண்டுகள் பொதுமக்கள் நெருங்க முடியாதிருந்தது. சாய்ந்திருந்த அக்கூண்டு சீரமைக்கப்பட்டு, இன்று ஒரு திறந்த சதுக்கத்தின் நடுவே நிற்கிறது. சாலைக்கு அப்பால் தோப்ஹானே செஷ்மெ தன் இடத்திலேயே இருக்கிறது. ஆனால் கடலுக்கும் அதற்கும் நடுவே சாலையும் வளாகமும் வந்துவிட்டன.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. நினைவுச்சின்னம் தன் வரலாற்றினின்றும் சூழலினின்றும் பிரிக்க முடியாதது. அதனைக் காப்பதற்கே இன்றியமையாதது என்றாலன்றி இடம் பெயர்க்கலாகாது என்பது 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தின் கருத்து. துருக்கியிலும் 1983 முதல் பண்பாட்டுச் சொத்துகளைக் காக்கத் தனிச்சட்டம் உண்டு. இவை கல்லைக் காக்கும். கல்லுக்கு நீர் விடுவதில்லை. பிரான்சில் 1951இலும் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1959இலும் வேறொரு வழியைத் தொடங்கினர்: கட்டுமானச் செலவில் நூற்றில் ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்குதல். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அது புதுக் கலையை வாங்கித் தரும் ஒருமுறைச் செலவு. வாகிஃபின் ஆவணமோ கடையின் வாடகையை ஆண்டுதோறும் மண்டபத்தோடு பிணைத்தது. சதுக்கத்தின் பெருமையால் தன் வாடகையை உயர்த்திக்கொள்ளும் புதிய கட்டடம், அப்பெருமைக்குக் காரணமான பழைய மண்டபத்தின் பராமரிப்பையும் நீரையும் நிரந்தரமாக ஏற்க வேண்டும் என்று கட்டட அனுமதியிலேயே எழுதுவது இம்மரபை அறிந்த நாடுகளுக்குக் கடினமாகாது.

வீட்டுக்கு வீடு குழாய் இருக்கையில் ஸபீல் எதற்கு என்று கேட்பாருண்டு. இஸ்தான்புல் சதுக்கத்தில் தாகமெடுத்தவர் இன்றும் வீட்டுக்கு ஓடுவதில்லை; போத்தல் நீரை விலை கொடுத்து வாங்குகிறார். அந்நகரின் ஸபீல்களில் சில வாடகைக்கு விடப்பட்டுச் சிற்றுண்டிக் கடைகளாகவும் தேநீர்க் கடைகளாகவும் ஆகியுள்ளன. விலையின்றிக் கிண்ணம் நீட்டிய சாளரத்தின் வழியே இப்போது காசு வாங்குகிறார்கள். அச்சாளரத்துக்கு மேலேயுள்ள கல்வெட்டு, பெரும்பாலும், நீரை வக்ஃபாக விட்டவருக்கு துஆச் செய்யுமாறு குடிப்பவரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.